வருகிறேன், வரவில்லை

துளசிராமனுக்குத் தன் முகத்தைப் பார்க்க அலுப்பதே இல்லை. கும்மிடிப்பூண்டியில் அவருடைய மேன்பவர் ஆபீஸ் வாசலில் கைகூப்பிய ஃபிளெக்ஸ், மாடிப்படித் திருப்பத்தில் இன்னொரு ஃபிளெக்ஸ், உள்ளே போனால் தினசரிக் காலண்டரிலும் அவரே. ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் வயல் நிறைய உண்டு. அந்த வயல்களில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகளை இப்போது வேனில் ஏற்றி ஃபேக்டரிகளுக்கு அனுப்பி, தலைக்கு இவ்வளவு என்று தினமும் கமிஷன் எடுக்கிறார். கேட்டால், ஏழை வீட்டில் அடுப்பு எரிய வைக்கிறேன் என்பார்.

நாளைக்கு யாருக்கு வேலை என்பது அவருடைய வெப்சைட்டில்தான் முடிவாகும். மாலை ஏழு மணிக்கு அந்தப் பக்கம் திறக்கும். அதில் 'வருகிறேன்', 'வரவில்லை' என்று இரண்டே பட்டன். 'வருகிறேன்' என்று முதலில் அமுக்கியவர்களுக்கு இடம். நிரம்பிவிட்டால் மற்றவர்கள் மறுநாள் வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டலாம். வேன் போவதற்கு மட்டும்தான். ஏழு மணி என்பது பகல் ஷிப்டு முடிந்து எல்லோரும் ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும் நசுங்கிக்கொண்டு வரும் நேரம் என்பது துளசிராமனுக்குத் தெரியாதா என்ன? ஆனால் அவருக்கு அதுதான் தோதான நேரம், டிபன் முடித்துவிட்டு யார் யார் அமுக்குகிறார்கள் என்று டேப்லெட்டில் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது சோனியா. பொன்னேரியில் பி.சி.ஏ. படித்தவள். தினமும் அதில் பட்டன் அமுக்குகிறவர்களில் அவள் புருஷன் எட்வர்டும் ஒருவன். பெண்டாட்டி பார்த்துக்கொள்ளும் பக்கத்தில் புருஷன் வரிசையில் நிற்கிறான் என்று ஆபீஸில் சிரிப்பார்கள். மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள், அவர்களுக்கென்ன, சிரிக்கலாம்.

எட்வர்டுக்கு ஒரே ஓர் ஆசைதான். அவன் போகும் அலுமினிய வார்ப்பு ஃபேக்டரியில் ஒரு விதி வைத்திருந்தார்கள். கான்ட்ராக்ட் ஆள் ஒரு வருஷம் முழுக்கத் தானாக ஒரு தடவைகூட 'வரவில்லை' என்று சொல்லாமல் இருந்தால் அவனைக் கம்பெனி ஆளாக எடுத்துக்கொள்வார்கள். இடம் கிடைக்காமல் போன நாள் குற்றமில்லை. தானாக மறுத்தால்தான் குற்றம். ஒரு தடவை மறுத்தால் அந்த வருஷம் போச்சு, மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். எட்வர்ட் காய்ச்சலோடு போனான். வயிற்றுப்போக்கோடு போனான். தங்கை கல்யாணத்தன்று சர்ச்சில் தலையைக் காட்டிவிட்டு, விருந்துக்குக்கூட நிற்காமல் மத்தியான ஷிப்டுக்கு ஓடினான். கம்பெனி ஆள் என்றால் சட்டையில் பேர் தைத்திருக்கும். கேன்டீனில் கான்ட்ராக்ட் ஆள்களின் தனி வரிசையில் நிற்க வேண்டாம். சூப்பர்வைசர் 'டேய் கான்ட்ராக்ட்' என்று கூப்பிட மாட்டான். சோனியாவுக்கு இதைவிடச் சின்ன ஆசை. சாயங்காலம் ஏழு மணியை வயிற்றில் புளி கரைக்காமல் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு இடைஞ்சலாக வந்தது வெள்ளைப் பக்கம். எட்வர்ட் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி போனைத் திறந்தால் வெறும் வெள்ளை தெரியும். வட்டம் சுற்றிச் சுற்றி, ஒருவழியாகப் பட்டன் கண்ணுக்குத் தெரியும்போது இடம் நிரம்பியிருக்கும். டவருக்குப் பக்கத்தில் வீடு இருப்பவனுக்கு வேலை, மற்றவனுக்கு வெள்ளை என்று ஆகிவிட்டது.

காரணம் சோனியாவுக்குத் தெரியும். அந்த வெப்சைட்டைத் துளசிராமன் முதலில் யாரோ ஒரு சென்னைப் பையனிடம் வாங்கியிருந்தார். கல்யாண மண்டப அலங்காரம் போல மூன்று வகை எழுத்து, மின்னும் ஓரம், உருளும் படங்கள். எது எங்கே நிற்க வேண்டும், எந்த நிறத்தில், எவ்வளவு உயரத்தில் என்று சொல்லும் ஸ்டைல்ஷீட் ஒன்று இருக்கும் இல்லையா, அது யானை சைஸில் இருந்தது. பிரவுசருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஸ்டைல்ஷீட் முழுசாக வந்து சேராமல் ஓர் எழுத்தைக்கூடக் காட்டாது. மேடை ஜோடனை முடியாமல் பந்தி போட மாட்டேன் என்று நிற்கும் சமையல்காரர் மாதிரி.

சோனியா யாரிடமும் கேட்கவில்லை. பட்டனுக்கும் பேருக்கும் வேண்டிய நாலு வரி ஸ்டைலை மட்டும் பக்கத்துக்குள்ளேயே எழுதினாள். மீதி ஜோடனையைத் தனியாகப் பிரித்து, நீ பின்னால் வா, உனக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்று ஏற்பாடு செய்தாள். தொழிலில் இதற்கு அசிங்க் என்று பேர். பக்கம் உடனே தெரியும், அலங்காரம் வரும்போது வந்து ஒட்டிக்கொள்ளும். அதோடு விடாமல் ஒரு சாயங்காலம் கவரைப்பேட்டை பிளாட்பாரத்தில் போய் நின்று எட்வர்ட் எப்படிப் போன் பிடிக்கிறான் என்று பார்த்தாள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் போன், அதே கையின் கட்டைவிரல்தான் பட்டனுக்கும் போக வேண்டும். அது கீழேதான் எட்டியது. அதனால் 'வருகிறேன்' பட்டனைக் கீழே வைத்தாள், 'வரவில்லை'யை அதற்கு மேலே ஏற்றினாள். நிச்சயமா என்று இரண்டாம் தடவை கேட்கும் பெட்டி ஒன்று இருந்தது. அதைத் துளசிராமனே எடுக்கச் சொல்லிவிட்டார். ஒரே அமுக்கு, முடிந்தது என்று இருக்க வேண்டுமாம்.

மறுநாள் ஏழு மணிக்குக் காலனியே ஆச்சரியப்பட்டது. பக்கத்து வீட்டு ஆதிகேசவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். எட்வர்ட் போகும் அதே ஃபேக்டரிக்கு அதே வேனில் போகிறவர். நாற்பத்தைந்தைத் தாண்டியவர். அவருக்கும் வருஷம் முடியும் தறுவாய்.

"தங்கச்சி, தொட்டா வருதும்மா! எனக்கு ரயில்லயே கெடச்சிட்ச்சி."

அவர் மனைவி சந்திரகலா அன்றைக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தாள். சோனியாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. படித்த படிப்பு முதல்முறையாகத் தன் தெருவுக்குள் வந்து வேலை செய்கிறது என்று நினைத்தாள். அந்த வாரம் முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள்.

சித்திரை பிறந்தது. துளசிராமனுக்கு ஊருக்கு வாழ்த்துச் சொல்லும் ஆசை வந்தது.

"ஏம்மா சோனியா, நம்ம சைட்டுல என் போட்டோவே காணமே?"

"கீழ இருக்குது சார். அட்ரஸ் பக்கத்துல."

"கீழயா? தலைய எவனாவது கால்மாட்டுல வெப்பானா? புத்தாண்டு வாழ்த்துன்னு எழுதி மேல வெய்யி. பெரிசா வெய்யி. பசங்க மொதல்ல என் மூஞ்சப் பாத்துட்டு அப்பால பட்டன அமுக்கட்டும்."

அன்று அவளுக்கு மலையாக வேலை கிடந்தது. படத்தை மேலே வைத்தாள். அது எவ்வளவு உயரம் என்பதை அந்தப் பெரிய ஸ்டைல்ஷீட்டுக்குள்ளேயே எழுதிவிட்டாள். ஆபீஸ் வைஃபையில் திறந்து பார்த்தாள். கண் சிமிட்டுவதற்குள் எல்லாம் வந்து நின்றது. துளசிராமன் திரையில் தன்னைப் பார்த்துத் தானே ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. எட்வர்ட் வீட்டுக்கு வந்தவன், கை கால் கழுவாமல், போனைக் கட்டில்மேல் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். சோனியா எடுத்துப் பார்த்தாள். நாளை வரவில்லை என்று தெரிவித்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தது. வருஷம் முடியப் பத்து நாள்கூட இல்லை.

"இன்னாய்யா இது?"

"நா வருகிறேன்தான் அமுக்கனேன்."

"அப்ப இத்த யாரு அமுக்கனது? பேயா?"

"சத்தியமா சொல்றேன் சோனி. கீழ் பட்டன். தெனிக்கும் அமுக்கற பட்டன்."

"எவங்கூடயாவது பேசிகினே அமுக்கியிருப்ப. கண்ணு எங்கய்யா இருந்துச்சி உனக்கு? ஒரு வருஷம்! ஒரு வருஷத்தக் கொண்டுபோயி கொட்டிட்டு வந்து நிக்கற!"

அவன் சாப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் தோள் குலுங்குவதை அவள் பார்த்தாள். கல்யாணமான பிறகு அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்போதும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் ஏழு மணிக்கு மேல் பக்கத்து வீட்டில் சந்திரகலாவின் கத்தல் கேட்டது. ஆதிகேசவனும் அப்படியே அமுக்கிவிட்டு வந்திருந்தார். தினமும் சரியாக அமுக்குகிற இரண்டு பேர் அடுத்தடுத்த நாளில் தப்பாக அமுக்குவார்களா? சோனியா ஆபீஸில் போய்ப் பதிவுகளைப் பார்த்தாள். புத்தாண்டு வாழ்த்து ஏறிய நாளிலிருந்து 'வரவில்லை' கூடியிருந்தது. எல்லாம் ரயிலில் வருகிறவர்கள், சிக்னல் செத்த கிராமங்களில் இருப்பவர்கள். டவர் பக்கத்துக்காரன் ஒருவன்கூட அதில் இல்லை.

அன்று மாலை, பக்கம் புதிதாக இறங்கட்டும் என்று போனில் சேர்ந்திருந்த பழைய கோப்புகளை அழித்துவிட்டு அதே பிளாட்பாரத்தில் போய் நின்றாள். ஏழு மணி. பக்கம் உடனே வந்தது. மேலே 'வரவில்லை', கீழே 'வருகிறேன்'. கட்டைவிரலைக் கீழே கொண்டுபோனாள். தொடவில்லை, சும்மா நிறுத்திப் பார்த்தாள். சட்டென்று பக்கத்தின் உச்சி விரிந்தது. கைகூப்பியபடி துளசிராமன் வந்து இறங்கினார். அவர் வந்த வேகத்தில் இரண்டு பட்டனும் ஒரு படி கீழே போயின. அவள் விரலுக்கு நேர் கீழே இப்போது இருந்தது 'வரவில்லை'.

 அசிங்க்கில் பின்னால் வா என்று சொன்னதெல்லாம் பின்னால்தான் வரும். அதற்கு இடம் ஒதுக்கி வைக்காவிட்டால், வந்ததும் முன்னால் நிற்பவர்களைத் தள்ளும். தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கண்ணு எங்கய்யா இருந்துச்சி என்று புருஷனைக் கேட்ட வாயை என்ன செய்வது? திருத்த ஒரே வரி போதும். படத்துக்கு இவ்வளவு உயரம் விடு என்று பக்கத்துக்குள்ளேயே எழுத வேண்டும். வீட்டுக்குப் போனதும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. திருத்திவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது, எட்வர்ட் கை தவறினான் என்றே நின்றுவிடும் என்று நினைத்தாள். முதலாளியிடம் காட்டி, எல்லோருடைய கணக்கையும் சரிசெய்துகொண்டு அப்புறம் திருத்தலாம் என்று நினைத்தாள். துளசிராமனிடம் நியாயம் கிடைக்கும் என்று அவள் நம்பியது அவளுடைய வயசுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

காலையில் போனில் நெட்டின் வேகத்தைக் குறைத்து அவர் மேஜைமேல் வைத்தாள். "சார், வருகிறேன்னு அமுக்குங்க."

அவர் அமுக்கினார். வரவில்லை என்று பதிவானது. புருவத்தைத் தூக்கினார். மறுபடியும் செய்துகாட்டச் சொன்னார். மூன்றாம் தடவை சத்தமாகவே சிரித்துவிட்டார்.

"அட, என் மூஞ்சி வந்து தள்ளி உடுதா?"

"ஆமா சார். அதான் இவ்ளோ பேருக்கு தப்பா விழுந்துகினு இருக்குது."

"எத்தனி பேரு?"

அவள் பேர்களைச் சொன்னாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார், "இதுல வருஷம் முடியற ஸ்டேஜுல எவன் எவன்?"

அதையும் சொன்னாள். எட்வர்ட், ஆதிகேசவன், இன்னும் ஏழெட்டுப் பேர். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஓர் ஆள் கம்பெனிக்குள் போய்விட்டால் அந்தத் தலைக்கு வரும் கமிஷன் அன்றோடு நின்றுவிடும். பிறகு அவர் அவள் பக்கம் திரும்பி, காபி சாப்பிடுகிறாயா என்று கேட்டார். அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் அப்படிக் கேட்டதில்லை. அப்போதே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"படம் நல்லாத்தான் கீது. அங்கயே இருக்கட்டும்."

"படம் இருக்கட்டும் சார். அதுக்கு எடம் உட்டா போதும். ஒரே வரி. அஞ்சு நிமிசம்."

"அவசரம் இன்னா? உன் ஊட்டுக்காரன் கணக்க நானே சரி பண்ணிடறேன். டெக்னிக்கல் ப்ராப்ளம்னு கம்பெனிக்கு ஒரு போனு. ரெண்டாம் தேதி அவன் கம்பெனி சட்ட போட்டுகினு போவான். ஆறு மாசம் ட்ரெயினிங்கு. அதுக்கும் என் சிபாரிசுதான்."

"மத்தவங்களுக்கு சார்?"

"மத்தவங்களுக்கு ப்ராப்ளம் ஒண்ணும் இல்லியே. அவங்களே அமுக்கனாங்க."

"சார், இப்பதான நீங்களே அமுக்கிப் பாத்தீங்க!"

"இங்க பாரும்மா." அவர் குரலை உயர்த்தவில்லை. "ஒவ்வொருத்தனா உள்ள போயிட்டா எனக்கு டப்பு எங்கருந்து வரும்? உனக்கு சம்பளம் எங்கருந்து வரும்? இன்னொண்ணு. இத்த எழுதனது நீ. வெளிய தெரிஞ்சா, புருஷனுக்கு எடம் புடிக்க பொண்டாட்டி பண்ண வேலன்னுதான் உங்க காலனில பேசுவாங்க. நா எதுவும் சொல்ல மாட்டேன். அவங்களே பேசிப்பாங்க. காபி ஆறுது, குடி."

அவள் குடித்தாள். குடித்ததை நினைத்து அப்புறம் பல நாள் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

எழுந்து வரும்போது அவர் ஞாபகமாகச் சொன்னார், "மே தினம் வருது பாரு. தொழிலாளர் தின வாழ்த்துன்னு புதுசா ஒண்ணு செஞ்சி போடு. நா ஹெல்மெட்டு மாட்டிகினு ஒரு போட்டோ எடுத்து அனுப்பறேன்."

வாழ்த்து மாறினால் ஸ்டைல்ஷீட்டும் மாறும். போனில் ஏற்கெனவே சேர்ந்திருப்பது செல்லாது, எல்லோருக்கும் புதிதாக இறங்க வேண்டும், பட்டன் மறுபடியும் நகரும். இதையும் அவள்தான் கொஞ்ச நேரம் முன்னால் அவருக்கு விளக்கியிருந்தாள்.

சாயங்காலம் எட்வர்டிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பாதியிலேயே அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"அப்ப நா தப்பா அமுக்கல."

"இல்ல."

"நா கரெக்டாதான் அமுக்கனேன்!"

"கரெக்டாதான்யா அமுக்கன. தப்பு என் பேர்லதான். ஆனா மத்தவங்களுக்கு சரி பண்ண முடியாதுன்றாரு. ஆதி அண்ணாவுக்கும் கெடையாதாம்."

எட்வர்ட் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தான். பிறகு அவள் அருகில் வந்து, "மெதுவாப் பேசு" என்றான்.

இவ்வளவுதான் அவன் சொன்னது. அவன் சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

"அந்த மனுசன் தலையில கைய வெச்சிகினு உக்காந்துகினு கீறாருய்யா."

"நா உக்காந்தனே, அப்ப எவன் வந்தான்? நீயே கண்ணு எங்கன்னுதான கேட்ட?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள், அவன் பின்னாலேயே வந்தான்.

"தோ பாரு சோனி, நா மொதல்ல உள்ள போயிடறேன். உள்ள போயி யூனியன்ல நானே எல்லாருக்கும் சேத்து நாயம் கேக்கறேன். வெளிய நின்னுகினு கத்தனா எவன் காதுல உழும்?"

அவன் அதை மனதாரத்தான் சொன்னான். உள்ளே போன எல்லோரும் வெளியே நிற்கும்போது மனதாரச் சொன்னதுதான் அது. சோனியாவுக்கு அவன்மேல் ஆத்திரம் பொங்கியது. துளசிராமன்மேல் அதைவிட ஆத்திரம். ஆனால் அவன் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் அவளே அதைச் சொல்லியிருப்பாள், அது அவளுக்குத் தெரியும், அதனால்தான் அவ்வளவு ஆத்திரம். அந்த ஒரு வரியை அவள் எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை. ஒரு வாரம் போனதும், இனி எழுதினால் இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்பார்களே என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

மே தினத்தன்று ஃபேக்டரிக்கு லீவு. காலையில் துளசிராமன் மஞ்சள் ஹெல்மெட்டோடு வெப்சைட்டில் ஏறினார், உழைப்பே உயர்வு என்று கீழே போட்டு. மறுநாளைக்கான பக்கம் வழக்கம்போல் ஏழு மணிக்குத் திறக்க இருந்தது. எட்வர்டுக்கு இனி அந்தப் பக்கம் தேவையில்லை. அவன் உள் அறையில் டிவியை ஓடவிட்டுக்கொண்டு, பேர் தைத்த புதுச் சட்டைக்கு மூன்றாம் தடவையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

ஆதிகேசவனும் சந்திரகலாவும் வாசலில் வந்து நின்றார்கள். அவர் கையில் போன்.

"எட்வர்டு இல்லியாம்மா?"

"உள்ள கீறாருண்ணா. வாங்க, உக்காருங்க."

"அவனுக்குக் கெடச்சதுல எனக்கு ரொம்ப சந்தோசம். அவனுக்கு டெக்னிக்கல் ப்ராப்ளம்னாங்களாமே. எனக்கும் அப்டித்தான் இருக்குமோன்னு போயி சார்கிட்ட கேட்டேன். ப்ராப்ளம் ஒண்ணும் இல்ல, நீதான் தப்பா அமுக்கிட்டன்னாரு." அவர் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார். "கரெக்ட்டுதாம்மா. எல்லாம் இந்த வெரலாலதான்."

வலது கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். நுனி தட்டையாக, நகமில்லாமல் இருந்தது. "முன்ன வேற கம்பெனில பிரெஸ்ஸுல மாட்டிகினது. நொனில உணர்ச்சி கெடையாது. நா ஒரு எடத்துல வெக்கறேன், அது ஒரு எடத்துல படுது போல. ஒரு வருஷம் போச்சே, அதுக்கு யார நோவறது?"

சோனியா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் இன்னிலேந்து இவளே அமுக்கட்டும்னு பாக்கறேன். இவ வெரலு நல்லா கீது. ஆளு மாறி அமுக்கனா ஒண்ணும் ஆவாதே? நீதான் சொல்லணும், உனக்குத்தான் தெரியும்."

படம் வரும்வரை தொடாதீர்கள். அவர் மூஞ்சி தெரிந்த பிறகு அமுக்குங்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். உள்ளே டிவி சத்தம் நின்றது. எட்வர்ட் கேட்டுக்கொண்டிருக்கிறான். இப்போது சொன்னால் காலையில் வேன் முழுக்கத் தெரியும், மத்தியானம் துளசிராமனுக்குத் தெரியும். ஆறு மாச ட்ரெயினிங் சட்டை எட்வர்ட் கையில் இன்னும் சூடு ஆறாமல் இருந்தது.

"அக்காவே அமுக்கட்டும்ணா," என்றாள் சோனியா. "ஒண்ணும் ஆவாது."

சந்திரகலாவுக்குச் சந்தோஷம். எழுந்து போய்க் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு, முந்தானையில் விரலை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஆதிகேசவன் போனை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்தார். ஏழு அடித்ததும் பக்கம் உடனே வந்தது.

"வந்துட்ச்சி, வந்துட்ச்சி. கீழது. கீழ் பட்டன்."

"தெரியுது. கத்தாத."

சந்திரகலா 'வருகிறேன்' என்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு விரலைக் கொண்டுபோனாள். விரல் படுவதற்குள் ஹெல்மெட்டோடு துளசிராமன் வந்து இறங்கினார்.

நாளை வரவில்லை என்று தெரிவித்ததற்கு நன்றி என்று திரையில் வந்தது. ஆதிகேசவன் மெதுவாகப் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சந்திரகலா தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. சோனியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிக்கம்மா. நீ இவ்ளோ நல்லா செஞ்சி குடுத்தும் எனக்கு ஒழுங்கா அமுக்கத் தெரியல."

"பரவால்லக்கா," என்றாள் சோனியா.